காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடலாம் என்பதால் காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் கணக்கோடு போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குள் பத்துக் கோயில், பன்னிரண்டு கோயில் என்று பட்டியல் போட்டால் ஒன்றையும் பார்த்ததாக ஆகாது. ஊருக்குள் ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்கள் மட்டுமே 14. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 5. இவை தவிரப் பல்லவர் காலத்துச் சிறு கற்றளிகள் (கற்கோயில்கள்) தெருவுக்குத் தெரு நிற்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஐந்தே கோயில்: கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள், காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர். முதல் இரண்டுக்கும் தலா ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். கூட்டம் குறைவாக இருப்பதும் அவசரமாகப் பார்த்துவிட்டு வெளியேறுவதும் அந்த இரண்டில்தான். காஞ்சியைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாதவையும் அவைதான்.

நாளைத் திட்டமிடும்போது தூரத்தைவிட முக்கியம் நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஊரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆட்டோவில் கால் மணி நேரமே ஆகும் என்றாலும், பத்து மணிக்கு வந்து இறங்குகிறவருக்குக் காலையில் கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான். ஏழு மணிக்குள் ஊருக்குள் இருப்பதுபோல் கிளம்புங்கள். கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு வழியாக அரக்கோணம் போகும் புறநகர் ரயில் காஞ்சி வழியாகத்தான் செல்கிறது. செங்கல்பட்டைத் தாண்டினால் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக நிறுத்தினால் தாமதமாகும், வண்டிகளும் குறைவு. காலை நேரத்துக்குப் பேருந்தோ சொந்த வண்டியோ நம்பகமானது. திரும்பும்போது நேரம் பார்த்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கலாம்.

ஊரின் அமைப்பு எளிது. மேற்கிலும் நடுவிலும் பெரிய காஞ்சிபுரம். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி, குமரகோட்டம், கச்சபேசுவரர், உலகளந்த பெருமாள் எல்லாம் இங்கேதான். தென்கிழக்கே, பேருந்து நிலையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், வரதரைச் சுற்றிச் சின்ன காஞ்சிபுரம். தென்மேற்கே வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். சமணர்களின் காஞ்சி அது.

முதலில் கைலாசநாதர். கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் இளவெயில் முன்பக்கம் முழுவதிலும் விழும். திருச்சுற்றின் மேற்கு வரிசைச் சிற்றாலயங்களிலும் வெளிச்சம் நேராக நுழையும். கட்டியவன் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோயிலின் பழைய பெயர் ராஜசிம்மேச்சரம். சோழர் கல்வெட்டுகள் இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று குறிக்கின்றன. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள் ஒரு கோயிலைக் கட்டி முடித்த அதே நாளில், காடவர்கோன் என்கிற பல்லவ மன்னன் கச்சியில் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு வைத்திருந்தான் என்ற கதையில் வருவது இந்தக் கோயில் என்றே சொல்வார்கள்.

உள்ளே நுழையும் முன் அடித்தளத்தைக் கவனியுங்கள். தரையை ஒட்டிய வரிசை கருங்கல். அதற்கு மேலே எழுவதெல்லாம் மணற்கல். பாரம் தாங்கவும் மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கவும் கருங்கல் உதவியது. நுணுக்கமாகச் செதுக்க மணற்கல் இடம் கொடுத்தது. அந்த மென்மைதான் இன்றைக்குச் சிக்கல். மழையும் காற்றும் உப்பும் மணற்கல்லை மணல் மணலாக உதிர்க்கின்றன. பிற்காலத்தில் இதற்கு மருந்தாகச் சிற்பங்கள்மேல் சுதை (சுண்ணாம்புச் சாந்து) பூசினார்கள். ஆகவே இங்கே சிலையைப் பார்ப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். முகம் உப்பி, மூக்கும் உதடும் மழுங்கி, மேற்பரப்பு வழவழவென்று சாம்பல் வெள்ளையாக இருந்தால் அது சுதை. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், தொட்டுப் பார்க்காமலே கண்ணுக்குத் தெரியும் சொரசொரப்பு, கூர்மையான இமைக்கோடு இருந்தால் அது பல்லவர் உளி. ஒரே சிங்கத்தில் பாதி முகம் சுதையாகவும் பாதி கல்லாகவும் இருப்பதை இங்கே பல இடங்களில் காணலாம். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபட்டபின் கோயிலையே வேறு மாதிரி பார்க்கத் தொடங்குவீர்கள்.

திருச்சுற்றை ஒட்டி 58 சிற்றாலயங்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்து உட்சுவரைப் பாருங்கள். சிலவற்றில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டிய பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு கண், ஒரு தோள்வளை, செங்காவிக் கோட்டில் ஓர் இடுப்பு வளைவு. ஓரிடத்தில் சோமாஸ்கந்தர் (சிவன், உமை, நடுவே குழந்தை முருகன்) உருவமே ஓரளவு முழுமையாகத் தெரிகிறது. பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1931-ல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் அடையாளம் கண்டார். கைபேசி டார்ச்சைச் சுவருக்கு நேராக அடித்தால் எல்லாம் வெளுத்துப்போகும். பக்கவாட்டில், தள்ளிப் பிடித்தால் கோடு தெரியும். கையை மட்டும் சுவரில் வைக்காதீர்கள். விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருக்கிறது பூச்சு.

அதே சிற்றாலயங்களின் கீழ்ப்பகுதியில் அடுக்கடுக்காக எழுத்துகள் ஓடும். எல்லாம் ராஜசிம்மனின் பட்டப் பெயர்கள்: அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீபரன், சிவசூடாமணி... இருநூற்றுக்கும் மேல். அலங்காரமான பல்லவ கிரந்தத்திலும், நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் கொடி வளைவுகளை நின்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கல்வெட்டு முன்மண்டபத் தூண் ஒன்றில் இருக்கிறது. கன்னடத்தில். காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்த செய்தி அது. பல தலைமுறைகளாகப் பகை முற்றியிருந்த இரு அரசுகளுக்கு நடுவே நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சில வரிகளின் எடை புரியும். காவலரிடமோ அர்ச்சகரிடமோ கேட்டால் தூணைக் காட்டுவார்கள்.

கருவறையில் 16 பட்டை கொண்ட தாராலிங்கம். பின்சுவரில் சோமாஸ்கந்தர். பல்லவர் கோயில் என்பதற்கு அந்தச் சோமாஸ்கந்தரே முத்திரை. கருவறையைச் சுற்றி வர ஓர் இடுக்கு வழி உண்டு. நுழையும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் தவழ்ந்துதான் போக வேண்டும். மறுபிறவி இல்லை என்ற நம்பிக்கையோடு வயதானவர்களும் நுழைகிறார்கள். முழங்கால் வலி, மூச்சுத் திணறல், அகன்ற உடல்வாகு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. நடுவில் திரும்ப இடமில்லை, பின்னால் ஆள் வந்துவிட்டால் பின்வாங்கவும் முடியாது. பிரதோஷம், சிவராத்திரி நாட்களில் அந்த வழிக்கு வரிசை நிற்கும். சிற்பம் பார்ப்பதே நோக்கமென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். வெளியே வந்ததும் நந்தி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கிழக்கே, புல்வெளிக்கு அப்பால், தனி மேடையில் இருக்கிறது.

கைலாசநாதரிலிருந்து நேரே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போவதுதான் என் வரிசை. ஏகாம்பரநாதர் வழியில் இருக்கிறதே என்று பலரும் அங்கே இறங்குவார்கள். அங்கே வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் பதினொன்று ஆகி, வைகுண்டப் பெருமாளுக்குக் கிடைப்பது அரை மணி நேரமாகிவிடும். கற்சிற்பத்துக்குக் காலை வெளிச்சத்தையும் அமைதியையும் கொடுத்துவிட்டு, வழிபாடு மிகுந்த பெரிய கோயில்களுக்கு அதன்பின் போங்கள்.

திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். ரயில் நிலையத்துக்கு அருகில். கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன், 8-ஆம் நூற்றாண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள்: கீழே அமர்ந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். கிடந்த கோலத்தை ஏகாதசி அன்றுதான் சேவிக்க முடியும். அதற்காகவே வருகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற நாட்களில் படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கும், கேட்டும் பயனில்லை.

ஆனால் இந்தக் கோயிலின் பெரிய சொத்து திருச்சுற்று மாளிகையின் சுவர். சிங்கத் தூண்களுக்குப் பின்னால், இரண்டு அடுக்காக, பல்லவர் வரலாறே சிற்பமாக ஓடுகிறது. பிரமன், அங்கிரஸ், பாரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று புராணத்தில் தொடங்கி, அரசர்கள் ஒவ்வொருவராக முடிசூடி, போர் செய்து, கோயில் எழுப்பி, கடைசியில் நந்திவர்மன் வரை வருகிறது. பரமேசுவரவர்மன் இறந்து வாரிசு இல்லாமல் போனபோது, நாட்டின் பெரியவர்கள் ஹிரண்யவர்மனிடம் போய் அரசனைக் கேட்கிறார்கள். நான்கு மகன்களில் மூத்தவர்கள் மறுக்க, 12 வயதுப் பல்லவமல்லன் 'நான் போகிறேன்' என்று எழுகிறான். யானை, படை, ஊரார் வரவேற்பு, முடிசூட்டு. இந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் விளக்கக் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். தான் அரசனாக வந்த விதத்தை ஓர் அரசன் படமும் எழுத்துமாகச் சுவரில் பதிவு செய்து வைத்திருக்கும் இடம் தமிழகத்தில் வேறில்லை. சி. மீனாட்சி 1941-ல் வெளிவந்த தம் ஆய்வில் இந்தச் சிற்பங்களைக் கல்வெட்டோடு பொருத்தி விளக்கியிருக்கிறார். முன்கூட்டியே அதைப் படித்துவிட்டுப் போனால் சுவர் பேசும்.

படிக்காமல் போகிறவர்களுக்கு ஒரு சுலபமான வழி. இருபுறமும் கவரியோ குடையோ இருக்க, நடுவில் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருந்தால் அது முடிசூட்டு. அதிலிருந்து அடுத்த முடிசூட்டு வரை ஓர் அரசனின் ஆட்சி என்று கொள்ளுங்கள். இடையில் யானையும் குதிரையும் நெருக்கியடித்தால் போர். விமானத்தோடு கூடிய ஒரு சிறு கோயில் செதுக்கியிருந்தால் அவன் எழுப்பிய திருப்பணி. மணற்கல் தேய்ந்து பல முகங்கள் போய்விட்டன. உட்கார்ந்திருக்கும் முறையையும் கூட்டத்தையும் வைத்தே கதையைப் பிடிக்க வேண்டும்.

காமாட்சி அம்மன் கோயிலுக்கு பதினொன்றுக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமையும் நவராத்திரியும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அம்மன் பத்மாசனத்தில், கரும்பு வில்லோடு. அர்ச்சனை நடப்பது முன்னால் உள்ள ஸ்ரீசக்கரத்துக்கு. காஞ்சிச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது, ஊருக்கே காமாட்சி ஒருத்திதான் என்பது மரபு. கருவறையை ஒட்டிய மூலைச் சுவரில் கள்வப் பெருமாள் இருக்கிறார். திருக்கள்வனூர் என்கிற திவ்ய தேசமே அந்தச் சிறு மாடம்தான். வரிசை நகரும் வேகத்தில் தாண்டிவிடுவீர்கள், அர்ச்சகரிடம் கேட்டே பாருங்கள். பங்காரு காமாட்சி என்கிற பொன் திருமேனி போர்க்காலத்தில் இங்கிருந்து கிளம்பித் தஞ்சாவூரில் நிலைகொண்டுவிட்டது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் அந்த அம்மனுக்குப் பூசை செய்த குடும்பம்.

நேரம் மிச்சமிருந்தால் அருகிலேயே உலகளந்த பெருமாள். 30 அடிக்கு மேல் உயர்ந்த திரிவிக்கிரமன். நிமிர்ந்து பார்த்தாலும் இருட்டில் முழு உருவமும் உடனே தெரியாது, கண் பழகும்வரை நில்லுங்கள். ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என்று நான்கு திவ்ய தேசங்கள் இந்த ஒரே வளாகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. திவ்ய தேச யாத்திரை செய்கிறவர்களுக்குப் பெரிய சௌகரியம்.

நண்பகல் முதல் நான்கு மணி வரை சாப்பாட்டுக்கும் பட்டுக்கும். ஒரு எச்சரிக்கை: நாள் வாடகைக்குக் கோயில் சுற்றிக் காட்டும் ஆட்டோக்கள் பல, குறிப்பிட்ட கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். ஏறும்போதே 'கடைக்கு வேண்டாம், கோயில் மட்டும்' என்று பேசி, எந்தெந்தக் கோயில், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வாடகையை முடிவு செய்துகொள்ளுங்கள். புடவை வாங்குவதானால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் விலையைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம். கோர்வைப் புடவையா என்று பார்க்க, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பின்பக்கம் திருப்புங்கள். இரண்டு நிற ஊடை நூல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட தடம் கரை நெடுகத் தெரிய வேண்டும். உடல் நிற நூல் கரைக்குள்ளும் ஓடினால் அது கோர்வை இல்லை, அதற்கு அந்த விலையும் இல்லை. கோர்வை நெய்யக் கரைக்குத் தனி நாடா, அதைத் தள்ள இன்னொரு ஆள். கூலி கூடுவது அதனால்தான்.

நான்கு மணிக்கு ஏகாம்பரநாதர். தெற்கு ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, 59 மீட்டர். பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்குரியது என்பதால் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். அபிஷேகமெல்லாம் லிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்கு. பார்வையிழந்து வந்த சுந்தரருக்கு இடக்கண் கிடைத்தது இங்கே, வலக்கண் திருவாரூரில். பின்னால் தல விருட்சமான மாமரம். உள்ளேயே நிலாத்திங்கள் துண்டத்தான் சந்நிதி, சிவன் கோயிலுக்குள் ஒரு திவ்ய தேசம். நீண்ட பிராகாரத்தை மெதுவாக ஒரு சுற்று வந்தால் போதும். கோடையில் வெளிப்பிராகாரக் கருங்கல் நாலரை மணிக்கும் கொதிக்கும். தரைவிரிப்பு போட்டிருக்கும் பக்கமாகவே நடங்கள்.

ஐந்தேகாலுக்குள் சின்ன காஞ்சிக்கு வந்துவிடுங்கள், இருட்டும் முன் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்க வேண்டும். வரதர் மேற்கு பார்த்தவர், கோயில் வாசலும் மேற்கே. உள்ளே நுழைந்ததும் இடப்புறம் மண்டபம். சாய்ந்து வரும் வெயில் தூண்களின் குதிரை வீரர்கள்மேல் விழுவது இந்த நேரத்தில்தான். விஜயநகர காலத்து வேலை. தூண்களை எண்ணினால் 96 வரும். மூலைகளில் தொங்கும் கற்சங்கிலியை அண்ணாந்து பாருங்கள். வளையங்களைத் தனித்தனியாகச் செய்து மாட்டவில்லை. ஒரே கல்லிலிருந்து, ஒன்றுக்குள் ஒன்று அசையும்படி குடைந்தெடுத்தது. குடையும்போது ஒரு வளையத்தில் விரிசல் விழுந்திருந்தாலும் முழுக் கல்லும் வீண். பக்கத்தில் அனந்தசரஸ் குளம். அத்திமரத்து வரதர் அதற்குள்தான் சயனித்திருக்கிறார். 1979-ல், பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் 48 நாட்கள் வெளியே தரிசனம் தந்தார். அடுத்தது 2059.

மண்டபத்தை முடித்துக்கொண்டு 24 படி ஏறி அத்திகிரி என்கிற சிறு குன்றின்மேல் வரதரைச் சேவிக்கலாம். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொடத் தனி வரிசை. வைகாசி கருட சேவை அன்று ஊரே கோயிலாகிவிடும், வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்று உற்சவத்துக்காக மட்டும் போங்கள்.

கோயில் இட்லியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு, நெய். காலை நைவேத்தியம் என்பதால் மாலையில் தீர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வேண்டுமென்றால் காலையிலேயே விசாரித்துவையுங்கள். ஓட்டல்களில் டம்ளரில் வேகவைத்துத் தருவது அதன் சிறு வடிவம். வீட்டில் செய்பவர்கள் பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றையும் சம அளவில் எடுத்து, ரவை பதத்தில் நிறுத்த வேண்டும். மையாக அரைத்தால் பிசுபிசுக்கும். கனத்த இட்லி என்பதால் ஓரம் வெந்து நடு வேகாமல் போவதே வழக்கமான தவறு. ஈர்க்குச்சியை நடுவரை குத்தி, ஒட்டாமல் வந்தால்தான் இறக்கலாம்.

இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலையைச் சின்ன காஞ்சிக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கும் கொடுங்கள். வரதர் கோயிலிலிருந்து கிட்டத்தான் திருவெஃகா. 'கணிகண்ணன் போகின்றான்' என்று தம் சீடனுக்காகத் திருமழிசையாழ்வார் பாட, பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்த் திரும்பி வந்த பெருமாள், வழக்கத்துக்கு மாறான திசையில் தலைவைத்துக் கிடக்கிறார். அட்டபுயகரமும், வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புலும் அதே வட்டாரம். பிறகு ஆட்டோ பிடித்துப் பருத்திக்குன்றம். அங்கே மகாவீரர் கோயிலின் சங்கீத மண்டபம் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தில் இருக்கிறது. கழுத்து வலிக்காமல் பார்க்க ஓரிடத்தில் நிற்காமல் வரிசை வரிசையாக நகர்ந்து பாருங்கள். யாரும் இல்லையென்றால் பக்கத்து வீடுகளில் கேளுங்கள், சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.